அமெரிக்காவுக்கு எத்தனை நாள் பாடு

1983

ஜனவரி 18, செவ்வாய்

பனி. எட்டு மணி வரை ஏரிக்கு அக்கரை தெரியவில்லை. மீனவக் குப்பத்துப் படகு தாமதம், முதல் பீரியடில் பாதி பெஞ்சு காலி. மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன், மறுபடியும்.

10-ஆ. பாடம்: வளர்ந்த நாடுகள், வளரும் நாடுகள். புத்தகத்தில் ஒரு அட்டவணை, ஒரு படம். படத்தில் கோட்டு போட்டவர் ஒருவர், ஏர் பிடிப்பவர் ஒருவர். ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு இரண்டு பேருமே அந்நியர்கள். கொட்டாவி விட்டார்கள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நாளை வேர்க்கடலை வைத்து நடத்திப் பார்க்கலாம். வறுத்ததா, அவித்ததா? அவித்தது என்றால் மேஜை ஈரமாகும். வறுத்தது.

ஜனவரி 19, புதன்

வகுப்பைப் பெஞ்சு வாரியாக நாடுகளாகப் பிரித்தேன். அமெரிக்காவுக்கு ஒரு குவியல் கடலை. ஜப்பானுக்குக் கொஞ்சம் சின்னக் குவியல். இந்தியாவுக்குக் கைப்பிடி. ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஆளுக்கு இரண்டு கூட வராது. சண்டை வரும், அநியாயம் என்று கத்துவார்கள், அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி அங்கிருந்து பாடத்தை ஆரம்பிக்கலாம் என்று கணக்கு.

ஒருவரும் கத்தவில்லை. குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்பத்து ஏழுமலை எழுந்து நிதானமாகக் கேட்டான்: "அமெரிக்காவுக்கு எத்தினி நாள் பாடு டீச்சர்?"

வந்து நான்கு வருஷம் ஆகிறது, பாடு என்றால் எனக்குத் தெரியும். ஏரியில் நல்ல இறால் விழும் இடம் கொஞ்சம்தான். எந்த நாள் யார் அங்கே வலை போடுவது என்று குப்பத்தில் கூட்டம் கூடி முறை வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு அடையாளத்தைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். இன்று உன் பாடு, நாளை இன்னொருவன் பாடு. எவனும் நல்ல இடத்தில் நிரந்தரமாக உட்கார முடியாது.

அமெரிக்காவுக்கு அப்படி நாள் கணக்கு எதுவும் இல்லை என்றேன். அதெப்படி என்றான். அதற்குள் பையன்கள் மேஜைமேல் அடையாளம் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கிளிஞ்சல், குண்டூசி, புளியங்கொட்டை. அதே குப்பத்து அமுதா தன் உடைந்த வளையல் துண்டை வைத்தாள். பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஏது பாடு என்று ஏழுமலை தடுத்தான். "குப்பத்துல கெடையாது. இது இன்னா குப்பமா?" என்றாள் அவள். அவன் தன் கிளிஞ்சலை நகர்த்தி இடம் விட்டான்.

மணி அடிப்பதற்குள் அமெரிக்கா மூன்று பெஞ்சு மாறிவிட்டது. பாடம் போச்சு. கடலைத் தொலியைப் பெருக்கியது நான்.

ஜனவரி 24, திங்கள்

வாடைக் காற்று. உதடு வெடிப்பு. அமுதா வியாழனிலிருந்து வரவில்லை. படகில் வருகிற பையன்களைக் கேட்டால், அவள் அம்மாவுக்குக் கை வீங்கிவிட்டது என்கிறார்கள். அம்மாவுக்குக் கை வீங்கினால் இவள் ஏன் வரவில்லை? தெரியாதாம். தெரியும், சொல்ல மாட்டான்கள்.

வாங்க: சோப்பு, மண்ணெண்ணெய் (இன்றாவது), மாற்றல் மனுவுக்கு வெள்ளைத்தாள்.

ஜனவரி 28, வெள்ளி

தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். அமுதாவின் வருகை ஏற்கெனவே குறைவு. மழைக்காலத்தில் படகு வராத நாளெல்லாம் அவள் கணக்கில் ஏறிவிட்டது. இனிமேல் விட்டால் பரீட்சை எழுத அனுமதிக்க முடியாது என்றார். மனுஷர் கெட்டவர் இல்லை, விதி என்றால் விதி. அந்தக் குப்பத்திலிருந்து பத்தாவது வரை வந்த முதல் பெண் சார் என்றேன். "அதனாலதாம்மா இப்பவே சொல்றேன்" என்றார்.

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சாயந்திரம் வெறுமனே துணி துவைத்தேன், அழுக்கில்லாததையும் சேர்த்து.

ஜனவரி 30, ஞாயிறு

குப்பத்துக்குப் போனேன். படகில் ஏறும்போது செருப்பு ஒன்று தண்ணீரில். எடுத்துக் கொடுத்தவர் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார்.

அமுதாவின் அம்மா கன்னியம்மா. கணவர் போய் ஆறு வருஷம். வீட்டில் ஆண் இல்லை, அதனால் ஏரியில் பாடும் இல்லை. இக்கரையில் படகுத்துறைப் பக்கம் இருக்கிற இறால் கொட்டகையில் வேலை. விடியற்காலை வலை வந்ததும் பெண்கள் வரிசையாக மணை போட்டு உட்கார்ந்து இறாலின் தலையைக் கிள்ளி ஓடு உரிக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் மெட்ராஸ் போய் அங்கிருந்து கப்பலேறும். இறாலின் தலைமுள் குத்தி அந்த அம்மாவுக்குச் சீழ் வைத்துவிட்டது. மணிக்கட்டு வரை வீக்கம், துணிக்கட்டு. பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஆற மாசக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். கைக்குப் பதில் கை. அமுதா கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் பேசினேன். படிப்பு, டீச்சர் ட்ரெயினிங், எதிர்காலம், எல்லாம். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பரீட்சை வர்ற வருசமும் வரும் டீச்சர். மணை போச்சுன்னா வராது. ஒரு நாள் காலியா கெடந்தாலும் மேஸ்திரி வேற ஆளை குந்த வெச்சிடுவாரு."

நாலு பேரிடம் உதவி கேட்கலாமே என்றேன். முகம் மாறிவிட்டது. கேட்டிருக்கக் கூடாது. வறுத்த நெத்திலி ஒரு பொட்டலம் கொடுத்தார், வாங்க மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லை.

பிப்ரவரி 2, புதன்

அமுதா வந்துவிட்டாள். முதல் பெஞ்சு, எண்ணெய் வைத்த தலை, கூப்பிடுவதற்கு முன்பே "உள்ளேன் டீச்சர்". என் பேச்சு வேலை செய்திருக்கிறது என்று நாள் பூராவும் ஒரே பெருமை. தையல் டீச்சர் சரஸ்வதியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை அவரே முடித்துவைத்தார்.

பிப்ரவரி 10, வியாழன்

ஒரு மாதிரிக் காய்ச்சல் வகுப்பில். பெண்களுக்கு மட்டும். திங்கள் ருக்மணி, செவ்வாய் தனலட்சுமி, நேற்று பார்வதி. ஒரு நாள்தான், மறுநாள் குத்துக்கல்லாட்டம் வந்து உட்காருகிறார்கள். அமுதா மட்டும் தவறாமல் வருகிறாள்.

த.ஆ.: "உங்க வகுப்புல காய்ச்சல் க்யூவுல வருதே." பருவ மாற்றம் சார் என்றேன்.

பரீட்சைக்கு ஒன்றரை மாசம் இருக்கிறது. இவளுகளுக்கு விளையாட்டு. இன்று திரும்பி வந்த பார்வதியை வெளியே நிற்க வைத்தேன். உடனே போய் நின்றாள். அதுவும் எரிச்சல்.

பிப்ரவரி 12, சனி

வரைபட நோட்டு திருத்தம். ருக்மணியின் ஆப்பிரிக்கா அழகாக இருக்கிறது. சந்தேகம் வந்தது, ருக்மணி வரைந்தால் ஆப்பிரிக்கா கத்தரிக்காய் மாதிரி இருக்கும். நைல் நதியின் 'ந' சுழி ஜமீலாவுடையது. ஜமீலா ஊருக்குள் பழைய வியாபாரக் குடும்பத்துப் பெண், என் வீட்டுக்காரம்மா பீவிமாவின் தம்பி மகள். யாருக்கும் எதையும் வரைந்து கொடுக்கிற ரகம் இல்லை. இரண்டு பேரையும் திங்கட்கிழமை கவனிக்க வேண்டும்.

பிப்ரவரி 15, செவ்வாய்

எல்லாம் வெளிவந்துவிட்டது.

நேற்று ருக்மணிக்கு மறுபடியும் "காய்ச்சல்". இன்று வந்தாள். நோட்டை நீட்டியபோது விரலைப் பார்த்தேன். நுனியெல்லாம் குத்து, மஞ்சள் அப்பியிருந்தது. மேரி விரலைக் காட்டச் சொன்னேன். தனலட்சுமி. பார்வதி. எல்லா விரலிலும் மஞ்சள். ஜமீலா விரல் மட்டும் சுத்தம், மசிக்கறையோடு.

மதியம் பெண்கள் எட்டுப் பேரையும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். அமுதாதான் பேசினாள். கன்னியம்மாவின் மணையில் தினம் ஒருத்தி போய் உட்காருகிறாள். மேஸ்திரிக்கு எந்தக் கை என்று கவலையில்லை, கை வந்தால் போதும். மற்ற ஏழு பேரும் அடையாளம் போட்டு முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜமீலா கொட்டகைக்குப் போனால் வீட்டில் கொன்றுவிடுவார்கள். அதனால் தன் பாட்டை ருக்மணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அவளுக்கு வரைபடம் போட்டுத் தருகிறாள். குப்பத்திலும் அப்படி மாற்றிக்கொள்ளலாமாம், முறைப்படி சரிதானாம்.

உதவி என்றதும் முகம் மாறிய உன் அம்மா இதற்கு எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டேன்.

"உதவின்னா ஒத்துக்காது டீச்சர். பாடுன்னு சொன்னேன், ஒத்துக்கிச்சு. நாளைக்கு இவுங்க வூட்ல ஒண்ணுன்னா நான் போய் குந்துவேன். அது முறை தானே."

பார்வதியைக் கூப்பிட்டு அன்றைக்கு வெளியே நிற்க வைத்தது தப்பு என்றேன். "காத்து நல்லா வந்திச்சு டீச்சர்" என்றாள். என் பேச்சாலே வந்தாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே.

பிப்ரவரி 16, புதன்

இரவெல்லாம் யோசனை, பிறகு நல்ல தூக்கம். த.ஆ.விடம் சொல்வதாக இல்லை. ஏழு பேருக்கும் வருகை தாராளமாக இருக்கிறது, வாரம் ஒரு நாள் போனால் குடி முழுகாது. விட்ட பாடத்தை நானே மாலையில் நடத்திவிடுவேன். அமுதாவுக்குத்தான் ஒரு நாள்கூட மிச்சமில்லை.

பீவிமா ஊறுகாய் கொடுத்தார். மாங்காய். உப்பு ஜாஸ்தி.

மார்ச் 2, புதன்

வெயில் ஏறுகிறது. பூநாரைகள் இன்னும் இருக்கின்றன, தூரத்தில் ரோஜா நிறத்தில் கோடு போட்ட மாதிரி.

ஏற்றுமதி, இறக்குமதி பாடம். நம் இறால் எங்கே போகிறது என்று கேட்டேன். மெட்ராஸ். அப்புறம்? ஐஸ் பெட்டிக்குள்ளே. அப்புறம்? அமுதா மட்டும் ஜப்பான், அமெரிக்கா என்றாள். பெட்டியில் ஒட்டியிருப்பதைக் கொட்டகையில் படித்தாளாம். அங்கே யார் சாப்பிடுவார்கள் என்று ஒரு விவாதம். கோட்டு போட்டவர் என்று முடிவானது, புத்தகத்துப் படத்தைக் காட்டி. அவருக்கு உரிக்கத் தெரியாது, அதனால்தான் உரித்து அனுப்புகிறோம் என்றாள் மேரி. சிரித்துச் சிரித்து எனக்கு இருமல்.

நல்ல நாள். காய்ச்சல் இன்று தனலட்சுமிக்கு.

மார்ச் 16, புதன்

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. அமுதாவுக்கும். த.ஆ. கையாலேயே கொடுத்தார்.

சந்தோஷமாகப் பெண்களைத் தேடிப் போனேன். வேப்பமரத்தடியில் வட்டமாகக் குந்தியிருந்தார்கள், நடுவே அடையாளங்கள். பரீட்சை நாட்களில் மணையில் யார் உட்காருவது என்று பாடு போடுகிறார்கள். கன்னியம்மாவின் கை இன்னும் மடங்கவில்லை. மேஸ்திரியைக் கேட்டார்களாம். இறால் சீசன், ஒரு நாள்கூடக் காலியாக விட முடியாது என்றுவிட்டாராம். வலை வருவதும் பரீட்சை மணியும் ஒரே நேரம்.

எப்படிச் செய்யப் போகிறீர்கள் என்றேன். ருக்மணி விளக்கினாள், கடைக்குப் போகிற வழி சொல்வது போல. "தாளு ஏழு டீச்சர். அமுதாவை வுட்டா நாங்க ஏழு பேரு. ஆளுக்கு ஒரு தாளு வுட்டுடுவோம். வுட்டதை அப்புறமா எழுதிக்கலாம்."

ஜமீலாவுக்கு இங்கிலீஷ் இரண்டாம் தாள் விழுந்திருக்கிறது. இந்தத் தடவை மாற்றிக் கொடுக்க ஆளில்லை, பரீட்சைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாளாம். முகத்தில் பயம் தெரிந்தது. ஆனால் அவளும் அடையாளத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

ஏழு பேரும் பெயிலாகிவிடுவீர்கள், ஒரு தாள் போனால் எல்லாம் போச்சு, அப்புறம் யார் வீட்டில் திரும்ப எழுத விடுவார்கள் என்று கத்தினேன். அமுதா எழுந்துவிட்டாள். "அப்ப நான் எழுதல டீச்சர். வுட்ருங்க." ஹால் டிக்கெட்டை மடித்து என் கையில் வைத்தாள். மற்ற ஏழு பேரும் அவளைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

ஹால் டிக்கெட் இப்போது என் பையில். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 17, வியாழன்

காலையில் எழுந்ததும் தெளிந்துவிட்டது. இதற்கு இவ்வளவு நேரமா, மண்டு.

எங்கள் பள்ளிதான் பரீட்சை மையம். மேற்பார்வைக்கு மீஞ்சூர், பொன்னேரியிலிருந்து ஆசிரியர்கள் வருகிறார்கள். எங்களுக்கு வேலையில்லை, அந்த நாட்களில் உள்ளேயே விட மாட்டார்கள். வேப்பமரத்தடிக்குப் போய் ஒரு சாக்பீஸ் துண்டை நடுவே வைத்தேன்.

நான் எதிர்பார்த்தது கண்ணீர், கட்டிப்பிடிப்பு. கிடைத்தது விசாரணை. நீங்கள் நடுவில் வந்து சேருகிறீர்கள், கூட்டம் ஒத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு வேலை தெரியுமா? மேஸ்திரி முறைத்தால் பதிலுக்குப் பேசிவிடுவீர்களே? நாளைக்கு உங்கள் வீட்டில் ஏதாவது என்றால் எங்களைக் கூப்பிடுவீர்களா, இல்லை கௌரவம் பார்ப்பீர்களா? கடைசிக் கேள்வி பார்வதியுடையது. கூப்பிடுவேன் என்றேன். சத்தியமாக என்றேன்.

ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஏழு நாளும் ஒரே ஆளுக்குத் தர முடியாதாம். முறை இல்லையாம். கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை.

சரஸ்வதி டீச்சரிடம் ஓடினேன். கேட்டு முடிப்பதற்குள் நூல்கண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். வீட்டில் பீவிமா நான் சொன்னதை வெற்றிலை மென்றபடி கேட்டார். "நம்ம ஜமீலாவும் இதுல இருக்காளா?" இருக்கிறாள் என்றேன், பயந்துகொண்டேதான். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு ஒரு கொட்டைப்பாக்கை என் முன் உருட்டிவிட்டார். "என்னை யாரு கேக்கப்போறா. என் தம்பி கேட்டா நான் பேசிக்கிறேன்."

சாக்பீஸ், நூல்கண்டு, பாக்கு. அமுதாவை எடுக்கச் சொன்னோம். முதல் நாள் பாக்கு. எடுத்ததும் ஹால் டிக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 28, திங்கள்

தமிழ் முதல் தாள். புழுக்கம். பீவிமா விடியுமுன் துப்பட்டி போட்டுக்கொண்டு கிளம்பினார், வெற்றிலைப் பெட்டியோடு. மேஸ்திரி முதலில் மறுத்தாராம். பீவிமா அவருடைய அப்பா பெயரைச் சொல்லி விசாரித்தாராம், அடங்கிவிட்டார்.

அமுதா எழுதினாள். எட்டுப் பேரும் எழுதினார்கள்.

மார்ச் 30, புதன்

என் முதல் பாடு. பழைய புடவை, தலையில் துண்டு. கன்னியம்மாவின் மணை குழாய்க்குப் பக்கம், அதனால்தான் அதற்கு இவ்வளவு கிராக்கி. பக்கத்து மணை அம்மாள் காட்டிக் கொடுத்தார். தலையைத் திருகி இழு, காலோடு ஓட்டைச் சுற்று, வாலைப் பிதுக்கு. அவர் கூடை நிரம்பும்போது என் கூடையின் அடி தெரிந்தது. மேஸ்திரி பார்த்துக்கொண்டே நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை, கூட்டத்துக்குக் கொடுத்த வாக்கு.

முதுகு விட்டுப்போச்சு. கை நாற்றம் சீயக்காய்க்கும் போகவில்லை. மாற்றல் மனு வெள்ளைத்தாள் அப்படியே மேஜையில் கிடந்தது, கொட்டகையில் கொடுத்த நெத்திலியைப் பொட்டலம் கட்ட அதை எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5, செவ்வாய்

சமூக அறிவியல் தாள். என் பாடம் நடக்கும் நாள், என் பாடும் அதே நாள். வேண்டும் என்றே யாரோ போட்ட மாதிரி.

பெரிய இறால். முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. பள்ளி மணி கொட்டகை வரைக்கும் கேட்கிறது. முதல் மணிக்குக் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள். அப்புறம் எத்தனை உரித்தேன் என்று தெரியவில்லை, நினைப்பெல்லாம் அங்கே. கடைசி மணிக்கு என் கூடை முக்கால். மேஸ்திரி எட்டிப் பார்த்து, பரவாயில்லை என்றார். எந்தப் பாராட்டுக்கும் மனசு இப்படிக் குளிர்ந்ததில்லை.

எட்டுப் பேரும் நேராகக் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார்கள். கேள்வி: வளர்ந்த நாடுகளுக்கும் வளரும் நாடுகளுக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குக. ஒரே கத்தல், எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அமுதா மட்டும் என் கட்டைவிரலைப் பிடித்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ என்ன எழுதினாய் என்றேன்.

"அட்டவணை பூரா எழுதிட்டேன் டீச்சர். கொஞ்சம் எடம் இருந்திச்சு." முள்ளைப் பிடுங்கினாள், வலித்தது. "அமெரிக்காவோட பாடு என்னிக்கி முடியும்னு புஸ்தகத்துல போடலைன்னு எழுதிட்டு வந்துட்டேன்."

திருத்துகிறவர் மார்க் போடுவாரோ மாட்டாரோ. நான் போடுவேன்.

நாளை சரஸ்வதி டீச்சர் பாடு. பழைய புடவை எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். மஞ்சள் தீர்ந்துவிட்டது.